பழமை மணக்கும் இல்லம்

இல்லத்தை அழகு செய்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. வாசல் தெளித்துக் கோலமிடுவதும், நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவதும், திருநாளில் மாவிலைத் தோரணம் கட்டுவதும் நாள்தோறும் நடந்த அலங்காரங்களே. ஆயினும் இன்று வீட்டு அலங்காரம் என்பது தனியொரு வாணிபமாக வளர்ந்து நிற்கிறது. அவ்வாணிபத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருப்பது ‘விண்டேஜ்’ என்று சொல்லப்படும் பழமைப் பாணி. பழங்காலத்து மரச்சாமான், மங்கிய பித்தளை, மஞ்சள் விளக்கொளி, சுவரில் ஒரு பழம்படம், மூலையில் ஒரு சாய்வு நாற்காலி ஆகியவை கூடி மனத்துக்கு இதம் தருவதே அதன் நோக்கம்.

விண்டேஜ் என்பது முதலில் ஓராண்டின் திராட்சை அறுவடையைக் குறித்த சொல். பின்னர் அவ்வறுவடையில் பிறந்த மதுவையும், இறுதியில் காலத்தால் சுவை கூடிய பொருள் எதனையும் குறிக்கலாயிற்று. காலம் கூட்டித் தரும் சுவையைக் கடையில் ஒரே நாளில் வாங்கிவிட இயலுமா? இத்திங்கள் இப்பகுதியில் நாம் சிந்திக்க விரும்புவது இதனையே.

திருவனந்தபுரத்து நம் குடும்பங்களுக்கு இவ்வினா மிகப் பொருத்தமானது. தமிழர் இந்நகருக்கு ஒரே நாளில் வந்தவர் அல்லர். 1795-ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாற்றப்பட்டது. அரண்மனைக் கணக்குக்கும், கோயிற்பணிக்கும், வாணிபத்துக்கும் நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தஞ்சை, மதுரைப் பகுதிகளிலிருந்தும் பலர் வந்து குடியமர்ந்தனர். கோட்டைக்ககத்திலும் கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகார வீதிகள் நீண்டன. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் கடை விரித்தனர். 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட பின் விண்வெளி ஆய்வுப் பணிக்கென்றும், 1990-ல் டெக்னோபார்க் தொடங்கிய பின் கணினிப் பணிக்கென்றும் மேலும் பலர் வந்தனர். முன்னவர் வீடுகளில் பரண் நிறையப் பழம்பொருள் இருந்தது. பின்னவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் பரணுக்கே இடமில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நடந்து வருகிறது. பழைய வீடு கைமாறும்போதோ இடிபடும்போதோ, தேக்கு நிலையும் பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் எடைக்குப் போகின்றன. சில மாதம் கழித்து, புதுமனையில் குடியேறிய அதே குடும்பத்தார், நேற்று வார்த்து இன்று கறுப்புப் பூசிய போலித் தவலை ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி, அதில் பிளாஸ்டிக் பூச்செண்டைச் செருகி வைக்கின்றனர். பாட்டி வெந்நீர் காய்ச்சிய தவலை ஒருவழி போக, பாட்டியில்லாத தவலை மறுவழி வருகிறது. இவ்வேடிக்கையில் நட்டம் பணம் மட்டும் அன்று.

பழைய வீடு ஏன் இதமாக இருந்தது?

பொருள்களைப் பற்றிப் பேசுமுன், பழைய வீட்டின் இதம் எங்கிருந்து வந்தது என்று கண்டுகொள்ளுதல் நலம். பத்மநாபபுரம் அரண்மனையைக் காணாத திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பம் அரிது. 1956-ல் மாநிலங்கள் மாறியமைந்தபோது அவ்வூர் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே பேணி வருகிறது. இரண்டு நிலத்துக்கும் உரிய நம்மைப் போன்றோர்க்கு அது ஏற்ற பாடசாலை.

சித்திரை வெயிலில் அங்கே நுழைந்தாலும் உடல் குளிர்கிறது. சரிவான ஓட்டுக் கூரை சுவரின் மேல் வெயில் படாமல் தாழ்ந்து இறங்குகிறது. முற்றம் காற்றை மேலிழுக்கிறது. மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக ஒளி கீற்றுக் கீற்றாக வடிந்து உள்ளே வருகிறது. கரிய தரையோ கண்ணாடி போல் மின்னுகிறது. எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து அதனை அமைத்தனர் என்பர். இவ்வளவு பெரிய மாளிகையில் நாற்காலியும் மேசையும் மிகக் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு ஓய்வு தருவது அந்த வெற்றிடமே.

நம் அக்கிரகார வீடுகளும் நாஞ்சில் நாட்டு வீடுகளும் இதே அறிவை எளிய அளவில் பின்பற்றியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ஒளியும் நிழலும் மாறி மாறி வரும் அமைப்பு அது. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலை வழியே பரவிய சிவந்த ஓடு பின்னர் இக்கடற்கரை முழுவதும் கூரையாயிற்று.

அடுக்குமாடி வீட்டில் முற்றம் வெட்ட இயலாது என்பது உண்மையே. ஆயினும் ஒளியைத் தணிக்க இயலும். கூடத்தின் நடுவே எரியும் வெள்ளை விளக்கே பழமையின் முதற்பகை. எல்.இ.டி. விளக்குகளின் உறையில் கெல்வின் அளவு அச்சிட்டிருப்பார்கள். 2700 அல்லது 3000 என்று இருப்பின் அது பழைய குண்டு விளக்கின் மஞ்சள் ஒளியைத் தரும். 6500 என்பது மருத்துவமனை வெண்மை. பெரிய விளக்கு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய மஞ்சள் விளக்குகள் இரண்டை மூலைகளில் தாழ்வாக வைத்தாலே அறையின் முகம் மாறிவிடும். செலவு சொற்பம். பயன்படாத சோபா ஒன்றை வெளியேற்றினால் மேலும் நன்று. அதற்குச் செலவே இல்லை. ஒரு பத்தமடைப் பாயும் இரண்டு திண்டும் அவ்விடத்தை நிரப்பும். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யப்படும் அப்பாய் ஆண்டுதோறும் மெருகேறுவது.

பேக்கர் காட்டிய வழி

பழம்பொருளைப் புதுவீட்டில் பொருத்தும் கலைக்கு இந்நகரிலேயே ஓர் ஆசான் வாழ்ந்தார். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியமர்ந்து, 2007-ல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைத்தான் குறிப்பிடுகிறோம். நாலாஞ்சிறையின் பாறைச் சரிவில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட ‘ஹாம்லெட்’ இல்லமும், உள்ளூரின் வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூரில் சுழன்று மேலேறும் சிவந்த காப்பிக் கடையும் அவர் கைவண்ணம். அக்காப்பிக் கடையில் மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்பட்டிருப்பதை நேயர்கள் பலர் அமர்ந்து கண்டிருப்பர்.

இடிபட்ட வீடுகளின் கதவு, சன்னல், நிலை ஆகியவற்றைத் தேடியெடுத்துத் தாம் கட்டும் வீடுகளில் பொருத்துவது பேக்கரின் வழக்கம். ஆக்குளத்தில் அவர் அமைத்த சித்திரலேகா படப்பிடிப்பு நிலையத்தின் செதுக்கு வேலைப்பாடு மிக்க நுழைவாயில், பழஞ்சாமான் குவியலிலிருந்து மீட்கப்பட்டதே. அலங்கார ஆசையைவிடச் சிக்கன எண்ணமே அவரை இவ்வழியில் செலுத்தியது. நூறு மழைக்காலம் கண்ட மரம் இனிமேல் சுருங்கவோ வளையவோ போவதில்லை. அதனை விறகாக்கிவிட்டுப் புதுமரம் வெட்டுவானேன் என்பது அவர் கருத்து.

இதில் நாம் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பேக்கர் பழைய சன்னலைச் சுவரில் படம் போல் மாட்டவில்லை. சன்னலைச் சன்னலாகவே வைத்தார். காற்று அதன் வழியே வந்தது. அவர் பிறந்த பர்மிங்காமிலேயே 1880-ல் வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞர் நிகழ்த்திய சொற்பொழிவும் இதற்கு இசைந்ததே: பயனோ அழகோ இல்லாத எதற்கும் வீட்டில் இடம் தரலாகாது என்று அவர் வற்புறுத்தினார். நம் முன்னோர் வீட்டுப் பொருள்களில் பயனும் அழகும் பிரிந்திருந்ததில்லை. ஆகவே ஒரு பழம்பொருளைப் பரணிலிருந்து இறக்கும்போது, இதனை எங்கே காட்சிக்கு வைக்கலாம் என்று கேட்பதைவிட, இதனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்பது நன்று.

கூடமும் சுவரும்

இக்கேள்வியோடு கூடத்தில் தொடங்குவோம். தகரப் பெட்டியும் மரப்பெட்டியும் இன்றும் போர்வை வைக்க ஏற்றவை. மேலே ஒரு விரிப்பிட்டால் தாழ்ந்த மேசையும் ஆகும். தாத்தாவின் சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி கட்டினால் போதும். ஊஞ்சற்பலகை இருப்பின் அதைவிடப் பெருஞ்செல்வம் வேறில்லை. ஆனால் அடுக்குமாடியின் கூரையில் கொக்கி அடிப்பதைக் கட்டடம் அறிந்தவர் பார்த்துச் சொன்ன பின்னரே செய்தல் வேண்டும். கூரை இடங்கொடாவிடில், நிற்கும் மரச்சட்டத்தில் ஊஞ்சலைத் தொங்கவிடலாம்.

சுவருக்கு வருவோம். நம் வீடுகளின் பழைய படங்களில் பல, கிளிமானூரில் 1848-ல் பிறந்த ரவிவர்மாவின் வழிவந்தவை. 1894-ல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகமே இலக்குமியையும் கலைமகளையும் எளியவர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. லோனாவ்லா அருகே இடம் மாறிப் பின்னர் பிறர் கைக்குச் சென்ற அவ்வச்சகம் 1972-ல் தீக்கு இரையாயிற்று. ஆகவே எஞ்சியுள்ள அக்காலத்துப் படங்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போவன. பின்னாளில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர்தம் மாணவரும் தீட்டிய நாட்காட்டிப் படங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. உங்கள் வீட்டுப் படம் பழைய கல்லச்சா, பிற்காலத்து மறுபதிப்பா என்று அறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருப்பின் அது பிற்காலத்தது. மணல் தூவினாற்போல் ஒழுங்கின்றி இருப்பின் பழையது. சேலை ஓரத்துக்குச் சரிகையும் மணியும் ஒட்டிய படமாயின், அதனை ஒட்டிய கை உங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவருடையதாகவே இருக்கலாம்.

குடும்ப நிழற்படங்களைப் பற்றியும் ஒரு சொல். இவ்வூரில் வைகாசிப் பிற்பாதியிலிருந்து ஒரு மழையும் ஐப்பசியிலிருந்து மற்றொரு மழையும் பெய்கின்றன. ஈரச் சுவரோடு ஒட்டி மாட்டிய படத்தில் பூஞ்சை படியும். சட்டத்தின் பின்புறம் இரு மூலைகளில் சிறு மரத்துண்டு ஒட்டினால் இடையே காற்றோடும். ஈரத்துணியால் துடைத்தல் ஆகாது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் இசையாத வாடகை வீடாயின், படங்களை ஒரு நீண்ட பலகையின் மேல் சுவரில் சாய்த்து வரிசையாக வைக்கலாம். வீடு மாறும்போது அவையும் எளிதில் உடன் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதிவைத்தல் வேண்டும். யாரென்று சொல்லவல்ல கடைசிப் பெரியவர் மறைந்துவிட்டால், பாட்டனார் படமும் கடையில் விற்கும் அயலார் படமும் ஒன்றாகிவிடும்.

அடுக்களைச் செல்வம்

பழமை மிகுதியாகத் தங்கியிருப்பது அடுக்களையில்தான். வெண்கலப் பானை, உருளி, கல்சட்டி, ஈயச் செம்பு, சேவை நாழி, அஞ்சறைப் பெட்டி, தூக்கு, கூஜா என்று அப்பட்டியல் நீளும். இவற்றுள் பெரும்பாலானவை இன்றும் சமைக்கக் கூடியவை. கல்சட்டியில் வைத்த வற்றற்குழம்பு அடுப்பை அணைத்த பின்னும் கொதித்துக்கொண்டிருக்கும். புதிய கல்சட்டியை நேரே தீயில் ஏற்றினால் விரிசல் விடும். கஞ்சியும் எண்ணெயும் கொண்டு நாட்கணக்கில் பழக்கிய பின்னரே ஏற்ற வேண்டும். பாட்டி பழக்கி வைத்துவிட்டுப் போன சட்டியாயின் அவ்வுழைப்பு நமக்கு மிச்சம்.

பித்தளைப் பாத்திரங்களைக் கையில் எடுக்கும்போது அவற்றின் கழுத்தையும் விளிம்பையும் சற்று ஒளியில் திருப்பிப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். பல பாத்திரங்களில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கியதும் பெயர் வெட்டித் தருமாறு கேட்பது நம் பக்கத்து வழக்கம். ஊரின் பெயரோ தலைப்பெழுத்தோ, மணம் நடந்த நாளோ, பெண்ணின் பெயரோ அதில் இருக்கும். விருந்துக்குப் பாத்திரம் இரவல் போய்த் திரும்பும்போது மாறிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இன்று அதற்கு வேறொரு பெருமை வந்துவிட்டது. பள்ளிக்குச் செல்லாத, கையொப்பமிட வாய்ப்பில்லாத, நிலப்பத்திரத்தில் பெயர் ஏறாத எத்தனையோ மூதாட்டியரின் பெயர், எழுத்தில் நிற்கும் ஒரே இடம் ஒரு குடத்தின் கழுத்தாக இருக்கலாம். அக்குடத்தை எடைக்குப் போட்டால் உலோகத்துக்கு விலை கிடைக்கும். பெயரோ உலையில் உருகிப் போகும்.

ஆதலின் அத்தகைய பாத்திரம் ஒன்றேனும் வீட்டில் பிறர் காணும் இடத்தில் இருக்கட்டும். குடிநீர்ப் பானையாகவோ, அரிசி வைக்கும் அடுக்காகவோ, துளசிக்கு நீர் ஊற்றும் செம்பாகவோ அது நாள்தோறும் கையில் புழங்கட்டும். துலக்கும்போது புளியும் பழந்துணியும் போதும். கடுமணலும் இரும்பு நாரும் கொண்டு தேய்த்தால் எழுத்து தேய்ந்து மறையும்.

பொருளோடு போகும் சொல்

நம் சங்கத்தின் கவலைக்கு நேரே உரிய செய்தி ஒன்று இங்கு உண்டு. இவ்வூரில் வளரும் நம் குழந்தைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். முற்றம், அடுக்களை, உருளி போன்ற சொற்கள் இரு மொழிக்கும் பொது. அவற்றை வெளியிலும் கேட்பார்கள். ஆனால் அஞ்சறைப் பெட்டி, தவலை, சுளகு, பல்லாங்குழி, மரப்பாச்சி போன்ற சொற்களை வீட்டில் கேளாவிடில் வேறெங்கும் கேட்க வழியில்லை. பொருள் வெளியேறும்போது சொல்லும் அதன் பின்னே படியிறங்கிவிடுகிறது.

அளவைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. 1956-ஆம் ஆண்டு அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை வந்தபோது இந்த அளவைகள் கடையை விட்டு நீங்கிப் பரண் ஏறின. பித்தளைப் பூண் போட்ட மரநாழி ஒன்று வீட்டில் இருப்பின், அதனைப் பேனா வைக்கும் கூடாக்குவதில் தவறில்லை. ஆயின் குழந்தை கேட்கும்போது அதன் பெயரையும் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். உழக்கால் அரிசி அளந்து ஒருநாள் சோறு வடிக்கச் செய்யுங்கள். புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் வாய்பாடு மறந்துபோகும்; கையால் அளந்தது மறவாது.

பழம்பொருள் ஏதுமின்றி, ஒரு பெட்டியோடு வேலைக்கு வந்து சேர்ந்த இளங்குடும்பங்கள் மனம் தளர வேண்டுவதில்லை. பிறர் பாட்டியின் பொருளை விலைக்கு வாங்கித் தம் வீட்டில் பழமையை நடிக்க வேண்டுவதுமில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தையிடமோ சித்தியிடமோ கேட்டு ஒரு செம்பு, ஒரு சுளகு, ஒரு நார்ப்பெட்டி கொண்டுவரலாம். வாங்குவதாயின் காலத்தால் மெருகேறும் பொருளாக வாங்கலாம். காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டு வார்த்துச் சூளையில் சுடாமலே செய்யும் தரைக்கல் அதற்கு நல்ல சான்று. மனிதர் கால் பட்டுப் பட்டே அது பளபளப்பு ஏறுகிறது. இன்று நேர்மையாக வாங்கிய பொருள் ஒன்று, முப்பதாண்டு கழித்து உங்கள் பேரக் குழந்தைக்குப் பழம்பொருள் ஆகும்.

எச்சரிக்கை சில

பழமை என்றாலே நலம் என்று எண்ணிவிடுதலும் தவறு. சிலவற்றில் கருத்தாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, வண்ணம். பழைய கதவிலும் கட்டிலிலும் பூசிய வண்ணத்தில் காரீயம் கலந்திருக்கக் கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய வண்ணத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேய்ப்பதும், வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்விப்பதும் நன்று.

இரண்டாவது, ஈயம். இரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது; காரீயம் அன்று. பெயரில் ஒற்றுமை இருப்பினும் ஒன்று உணவுக்கு ஏற்றது, மற்றது நஞ்சு. ஆகவே ஈயப் பாத்திரத்தை நம்பகமான இடத்திலன்றி வாங்கலாகாது. வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்தில் உருகிவிடுவதால் வெறுஞ்செம்பை அடுப்பில் வைப்பதும் கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்புச் சேர்ந்தவற்றைச் சமைப்பதாயின் உள்ளே ஈயம் பூசியிருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, மின்சாரம். துணி சுற்றிய பழைய கம்பியும் பீங்கான் சுவிட்சும் கண்ணுக்கு அழகு, ஆனால் ஆபத்து. வெளித்தோற்றம் பழையதாக இருக்கலாம். உள்ளோடும் கம்பி புதியதாகவே இருத்தல் வேண்டும்.

நான்காவது, சட்டம். திருவிதாங்கூர் தந்த வேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற நாடு. 1851-ல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு இங்கிருந்து ஒரு தந்தச் சிம்மாசனமே சென்றது. இன்றோ யானைத் தந்தப் பொருள் எதனையும், அது எவ்வளவு பழையதாயினும், விற்பதும் வாங்குவதும் குற்றம். மேலும், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியனவும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த அரிய சுவடிகளும் தொல்பொருள் என்று கொள்ளப்படும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அமெரிக்காவிலுள்ள மகன் கேட்டான் என்று பழைய தஞ்சாவூர்ப் படத்தைப் பெட்டியில் வைத்துவிடும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

எடைக்குப் போடுமுன்

நெல்லைச் சீமையின் தருவையில் 1860-ல் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர் கணபதி சாஸ்திரியார். 1908-ல் இங்கு அமைந்த வடமொழிச் சுவடிப் பதிப்புத் துறைக்கு அவர் பொறுப்பாளரானார். சுவடி தேடிச் சென்ற அவருக்கு, 1909-ஆம் ஆண்டளவில் பத்மநாபபுரத்துக்கு அண்மையிலுள்ள மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக் கட்டு கிடைத்தது. பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த பாசனின் நாடகங்கள் அவை என்று கண்டு, 1912 முதல் அவற்றை அச்சேற்றினார். அந்நாடகங்கள் பாசனுடையவையே என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. எனினும் உலகமே அந்த ஓலைக் கட்டைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வீட்டுப் பரணை எவரேனும் முன்னதாகவே ஒழித்துச் சுத்தம் செய்திருந்தால் அக்கட்டு அடுப்புக்குப் போயிருக்கும்.

நம் ஒவ்வொருவர் பரணிலும் பாசன் இருக்கிறான் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஓலைச்சுவடியோ கையெழுத்துப் படியோ கண்ணில் பட்டால், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சுவடி நூலகத்தாரிடம் காட்டிவிட்டுப் பின்னர் முடிவு செய்தல் அறிவுடைமை. மற்றப் பொருள்களைப் பொறுத்தவரை, வீட்டை ஒழிக்கும் நாளுக்கு முன்னதாக ஒருநாளைப் பார்த்துவைக்கும் நாளாக ஒதுக்குங்கள். பெரியவர்களைக் கூடத்தில் அமர்த்தி, குழந்தைகளைக் கொண்டு ஒவ்வொரு பொருளாக இறக்கச் செய்து, இதன் பெயர் என்ன, யார் கொண்டுவந்தது, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமிராது. வைக்க இயலாததை உறவினருக்குக் கொடுங்கள். அவர்க்கும் வேண்டாவிடில் விற்கலாம். பெயர் வெட்டிய பாத்திரத்தை மட்டும், விற்கத்தான் வேண்டுமென்றாலும், அவ்வெழுத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளாமல் விற்காதீர்கள்.

பழையதைக் கழிக்கும் போகித் திருநாள் ஆண்டுதோறும் வருகிறது. வரும் போகிக்கு முன் பரணுக்கு ஓர் ஏணி சார்த்தப்படுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.